சூப்பர் பிட்டோட சேதாரக் கணக்கு: ரெண்டு கம்பெனி ஒண்ணானா தங்கம் எப்படி கூடும்?

நகைக்கடைல வளையல் பாக்கும்போது டிசைன் புடிச்சதும் நம்ம வீட்டு பொம்பளைங்க கேக்குற முதல் கேள்வியே சேதாரம் எத்தனை பர்சன்ட்னு தான். அதுல ஒரு பர்சன்ட் குறைக்க அரை மணி நேரம் பேசுவோம், நடுவுல கூல்டிரிங்க்ஸ் வேற வந்துடும். ஆனா அந்த தங்கம் மண்ணுக்குள்ள இருந்து வெளிய வரும்போதே ஒரு பெரிய சேதாரம் நடக்குது, அத யாரும் கேக்குறதில்ல. சுரங்கத்துக்காரங்க பாஷைல அத தலைகீழா சொல்வாங்க. பாறைல இருந்த தங்கத்துல எத்தனை பர்சன்ட் கைக்கு வந்துச்சோ அது ரெக்கவரி. 84 பர்சன்ட் ரெக்கவரின்னா மீதி 16 பர்சன்ட் சேறோட சேறா டெயிலிங்ஸ் (தங்கம் எடுத்தப்புறம் மிஞ்சுற கழிவுச் சேறு) குளத்துக்கு போயிடுச்சுன்னு அர்த்தம்.

இத இப்ப எழுதக் காரணம் ஆஸ்திரேலியால இருக்குற கால்கூர்லி சூப்பர் பிட்ங்கிற தங்கச் சுரங்கம். ரெண்டு கம்பெனி இணைஞ்சா "சினர்ஜி" (ஒண்ணா சேர்றதால கிடைக்கிற கூடுதல் லாபம்) அது இதுன்னு அறிக்கை விடுவாங்க, பாதிக்கு மேல அது ஆபீஸ் வாடகையையும் ஆளையும் குறைக்கிறதுக்கு வச்ச நாகரிகமான பேரு. ஆனா இந்த ஒரு கேஸ்ல இணைப்புக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு மில்லு இருக்கு (மில்லுனா பஞ்சு மில்லு இல்ல, பாறைய அரைச்சு தங்கம் பிரிக்கிற ஆலை), அதனால இத கொஞ்சம் பிரிச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு.

கதைய சுருக்கமா சொல்லிடறேன். 1893ல பேடி ஹானன்னு ஒரு அயர்லாந்துக்காரரும் அவர் கூட்டாளிங்க ரெண்டு பேரும் மேற்கு ஆஸ்திரேலியா வறண்ட காட்டுல தங்கம் பாத்தாங்க, அங்க முளைச்ச ஊரு தான் கால்கூர்லி. பக்கத்துல இருந்த "கோல்டன் மைல்"ல சின்னச் சின்னதா ஏகப்பட்ட கம்பெனிங்க ஆளுக்கு ஒரு குழி தோண்டிட்டு இருந்துச்சு. 1980கள்ல ஆலன் பாண்ட்னு ஒரு தொழிலதிபர் இதெல்லாத்தையும் வாங்கி ஒரே பெரிய குழியா ஆக்கிடலாம்னு கிளம்பினார், அவரால முழுசா முடிக்க முடியல, ஆனா 1989ல கேசிஜிஎம்னு ஒரே நிர்வாகத்துக்குள்ள எல்லாம் வந்துடுச்சு. அப்படி உருவானது தான் சூப்பர் பிட். மூணரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 600 மீட்டருக்கு மேல ஆழம். ஆக இந்த இடத்துக்கு இணைப்புங்கிறது புதுசே இல்ல, குழியே இணைப்புல பொறந்தது தான்.

பிரச்சனை எங்கன்னா நிர்வாகம் ஒண்ணு, சொந்தக்காரங்க ரெண்டு பேரு. பல வருஷமா பாரிக் பாதி, நியூமாண்ட் பாதி. ரெண்டுமே உலகத்துலயே பெரிய தங்கக் கம்பெனிங்க, ரெண்டுக்குமே இது பல சுரங்கத்துல ஒண்ணு. கூட்டுக் கிணறு கதை தான், தண்ணி இறைக்க ரெண்டு பேரும் வருவாங்க, தூர் வாரணும்னா "அவங்க போடட்டும் பாப்போம்". 2018 மே மாசம் குழியோட கிழக்குச் சுவர் சரிஞ்சு விழுந்துச்சு, ஆளுக்கு சேதம் இல்ல, ஆனா அடியில இருந்த நல்ல கிரேடு (டன்னுக்கு தங்கம் அதிகமா இருக்குற) பாறைக்கு போற வழி அடைபட்டுச்சு. அடுத்த வருஷமே ரெண்டு பெரிய கம்பெனியும் விக்க ஆரம்பிச்சாங்க. 2019 கடைசில பாரிக்கோட பாதிய சாரசன்னு ஒரு உள்ளூர் கம்பெனி 75 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குச்சு, அடுத்த மாசமே நியூமாண்ட் பாதிய இன்னொரு உள்ளூர் கம்பெனி நார்தர்ன் ஸ்டார் 80 கோடி டாலருக்கு வாங்குச்சு, அதுல கொஞ்சம் பக்கத்து நிலத்துக்கும் மத்த உரிமைகளுக்கும் சேத்து.

வாங்கின ரெண்டு கம்பெனிக்கும் அந்த வட்டாரத்துல வேற சுரங்கங்க, வேற மில்லுங்க இருந்துச்சு. ரெண்டு தலைவருங்களும், பில் பீமென்ட்டும் ராலீ ஃபின்லேசனும், மேற்கு ஆஸ்திரேலிய சுரங்கப் பள்ளில படிச்சவங்க, அந்தப் பள்ளி இருக்குறதே கால்கூர்லில தான். ஒரே ஊர்ல பாதி பாதியா ஒரு சுரங்கத்த வச்சுக்கிட்டு எவ்ளோ நாள் போர்டு மீட்டிங் போடுறது, 2020 அக்டோபர்ல இணைப்ப அறிவிச்சாங்க, 2021 பிப்ரவரில முடிஞ்சுது. கம்பெனி பேரு நார்தர்ன் ஸ்டார்னே நின்னுச்சு. பத்து வருஷத்துல 150லிருந்து 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் சினர்ஜி கிடைக்கும்னு சொன்னாங்க. அந்த நம்பர நான் அப்படியே நம்பச் சொல்லல. ஆனா மில்லு பக்கம் போனா அங்க விஷயம் இருக்கு.

தங்க மில்லோட கணக்கு ரொம்ப சிம்பிள், எத்தனை டன் அரைச்ச, ஒரு டன்ல எத்தனை கிராம் இருந்துச்சு, அதுல எத்தனை பர்சன்ட் புடிச்ச, மூணையும் பெருக்கு. சூப்பர் பிட்டோட ஃபிமிஸ்டன் மில்லு வருஷத்துக்கு சுமார் 1.3 கோடி டன் அரைக்கும். உதாரணத்துக்கு டன்னுக்கு ஒன்றரை கிராம், ரெக்கவரி 84னு வச்சுக்குவோம் (இது ரெண்டும் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட நம்பர்). உள்ள போற தங்கம் 19.5 டன், கைக்கு வர்றது 16.4 டன்.

இன்னும் கிட்டப் போய் பாக்கணும்னா ஒரே ஒரு டிரக்க எடுத்துக்கலாம். அங்க ஓடுற கேட்டர்பில்லர் 793 ஒரு தடவைக்கு சுமார் 225 டன் தூக்கும். அதுல தங்கம் 337 கிராம், நம்ம கணக்குல 42 சவரன். மில்லுல போட்டு எடுத்தா 35 சவரன் வரும். ஏழு சவரன் குளத்துக்குப் போயிடும். ஒவ்வொரு லோடுக்கும் ஏழு சவரன்! நகைக்கடைக்காரர் கூட இவ்ளோ சேதாரம் போட மாட்டாரு. ரெக்கவரிய ஒரே ஒரு பர்சன்ட் ஏத்தினா வருஷத்துக்கு 195 கிலோ, அதாவது 24,000 சவரனுக்கு மேல. புதுசா ஒரு கல்லு கூட தோண்ட வேண்டாம், டீசல் வேண்டாம், வெடி வேண்டாம்.

அப்ப ஏன் ஏத்தலன்னு கேப்பீங்க. கால்கூர்லி பாறை ரொம்ப பிடிவாதக்காரப் பாறை. இங்க தங்கத்துல நிறைய பைரைட்டுக்குள்ள (இரும்பும் கந்தகமும் சேந்த கனிமம்), கண்ணுக்குத் தெரியாத அளவுல சிக்கியிருக்கு. இன்னொரு பங்கு டெல்லூரியம்ங்கிற தனிமத்தோட சேர்ந்து டெல்லுரைடா இருக்கு. ஆரம்ப காலத்துல அது தங்கம்னே தெரியாம அந்தக் கல்ல ரோட்டுப் பள்ளத்துல கொட்டி நிரப்பினாங்க, 1896ல விஷயம் தெரிஞ்சதும் சனங்க ரோட்டையே தோண்டினாங்கன்னு ஒரு கதை அந்த ஊர்ல இன்னும் சொல்வாங்க. சாதாரண தங்கம் சயனைடு கரைசல்ல கரைஞ்சு வந்துடும், ஆனா பைரைட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு இருக்குறத சயனைடு தொடவே முடியாது, டெல்லுரைடு கரையும் ஆனா ஆமை வேகத்துல. இந்த மாதிரி அடம் புடிக்கிற தாதுவுக்கு ரிஃப்ராக்டரின்னு பேரு.

இதுக்கு பழைய வைத்தியம் வறுக்கிறது. பைரைட்ட வறுத்தா கந்தகம் புகையாப் போய் துகள் ஓட்டை ஓட்டையா ஆயிடும், சயனைடு உள்ள புகுந்துடும். ஊருக்கு வடக்கே கிஜின்னு ஒரு இடத்துல 1989லிருந்து ரோஸ்டர் ஓடுச்சு, கந்தகப் புகை, பாதரசம் எல்லாம் காத்துல போச்சு. 2015ல அத மூடிட்டாங்க. பதிலா வந்தது அல்ட்ரா ஃபைன் கிரைண்டிங், சூட்டுக்கு பதிலா நைஸ். முதல்ல பாறைய நுரை மிதப்புல போடுவாங்க, சோப்பு நுரை மாதிரி குமிழி விட்டா பைரைட்டும் டெல்லுரைடும் குமிழில ஒட்டிக்கிட்டு மேல வரும், வெத்துக் கல்லு அடில தங்கிடும். மேல வந்த கொஞ்சூண்டு கான்சன்ட்ரேட்ட மட்டும் தனியா எடுத்து 10, 12 மைக்ரான் வரைக்கும் அரைப்பாங்க. நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான், கற்பனை பண்ணிக்குங்க. மொத்தப் பாறையையும் அப்படி அரைச்சா கரன்ட் பில்லுலயே கம்பெனி காலி, அதனால தான் மொதல்ல நுரைல சலிச்சு எடுக்குறது.

இதுல தண்ணி வேற. கால்கூர்லிக்கு குடிக்கிற தண்ணியே 1903லிருந்து பெர்த் பக்கத்துல இருந்து 500 கிலோமீட்டருக்கு மேல குழாய்ல வருது. மில்லுக்கு நிலத்தடித் தண்ணி தான் கதி, அது கடல் தண்ணிய விட உப்பு. வேடிக்கை என்னன்னா உப்புத் தண்ணில குமிழிங்க ஒண்ணோட ஒண்ணு சேராம சின்னச் சின்னதா நிக்கும், நுரை மிதப்புக்கு அது நல்லது. ஆனா அதே தண்ணில மெக்னீசியம் கெடக்குறதால கரைசல காரமா வச்சுக்க சுண்ணாம்பு கொட்டிக்கிட்டே இருக்கணும், காரம் குறைஞ்சா சயனைடு வாயுவா கிளம்பிடும். காசும் போச்சு, ஆபத்தும் கூட. உப்பு ஒரு கையால குடுத்து இன்னொரு கையால புடுங்கிக்குது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். டன்னும் ரெக்கவரியும் ஒரே வீட்டுல சண்டை போடுற அண்ணன் தம்பி. இருக்குற மில்லுலயே கூடுதலா பாறைய தள்ளினா என்ன ஆகும்? டிகாக்‌ஷன் போடுறத நினைச்சுக்குங்க. பொடி கொரகொரன்னு இருந்தா தண்ணி சட்டுனு இறங்கிடும் ஆனா டிகாக்‌ஷன் தண்ணியா இருக்கும், நைசா இருந்தா கெட்டியா வரும் ஆனா பொறுமையா சொட்டும், ரொம்ப நைசாப் போனா ஃபில்டரே அடைச்சுக்கும். வீட்டுக்கு திடீர்னு பத்து பேரு வந்துட்டாங்கன்னு அதே ஃபில்டர்ல அவசரமா கொதிக்கிற தண்ணிய ஊத்தி ஒப்பேத்தினா எல்லாருக்கும் காபி கிடைக்கும், ஆனா கீழ கொட்டுற பொடில பாதி சத்து அப்படியே இருக்கும். மில்லுலயும் அதே தான். மணிக்கு கூட டன் போனா அரைவை கொரகொரப்பா ஆகும், துகளுக்குள்ள பூட்டின தங்கம் வெளிய வராது. சயனைடு டேங்க்ல 24 மணி நேரம் ஊற வேண்டியது, வரத்து ரெட்டிப்பானா 12 மணி நேரத்துல வெளிய தள்ளப்படும். டெல்லுரைடு மாதிரி மெதுவாக் கரையற சரக்குக்கு அது ரொம்பக் கேடு.

அதனால நிஜமா கெபாசிட்டி ஏத்தணும்னா கிரஷர், மில்லு, நுரை மிதப்பு செல்லு, அல்ட்ரா ஃபைன் மில்லு, சயனைடுல ஊறவைக்கிற லீச் டேங்க், கார்பன்ல புடிச்ச தங்கத்த கழட்டுற பிரிவு, டெயிலிங்ஸ் குளம்னு மொத்த வரிசையும் ஒண்ணா வளரணும். ஒரு இடத்துல மட்டும் பெருசாக்கினா அடுத்த இடத்துல கழுத்துப் புடி. இதுக்கு நூறு கோடிக் கணக்குல காசு வேணும், அந்தக் காச போடச் சொல்லி பாதி பாதி சொந்தக்காரங்கள சம்மதிக்க வைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு மேலேயே பாத்தோம். என்னைக் கேட்டா இணைப்போட உண்மையான லாபம் இது ஒண்ணு தான். ரெக்கவரிய ஏத்துறது மெட்டலர்ஜி (தாதுல இருந்து உலோகம் பிரிக்கிற வித்தை), இணைப்பு இல்ல. ஆனா அந்த மெட்டலர்ஜிக்கு செக்கு எழுதுற கை ஒண்ணா இருக்கணும்.

2023 ஜூன்ல அந்த செக்கு எழுதினாங்க. 150 கோடி ஆஸ்திரேலிய டாலர், ஃபிமிஸ்டன் மில்ல வருஷத்துக்கு 1.3 கோடி டன்லிருந்து 2.7 கோடி டன்னுக்கு ஏத்துறது. கட்டுமானம் 2026 நிதியாண்டு வரைக்கும், அதுக்கப்புறம் படிப்படியா வேகம் புடிச்சு 2029 நிதியாண்டுல வருஷத்துக்கு 9 லட்சம் அவுன்ஸ், அதாவது 28 டன் தங்கம்னு திட்டம்.

இவ்ளோ பெரிய மில்லு எதுக்குன்னா, குழிக்கு வெளிய மலை மலையா குவிச்சு வச்சிருக்குற லோ கிரேடு ஸ்டாக்பைல். பல வருஷமா தோண்டும்போது நல்ல கிரேடு மில்லுக்குப் போகும், சுமார் கிரேடு "அப்புறம் பாத்துக்கலாம்"னு ஓரமா கொட்டப்படும், மில்லுல இடம் இல்லையே. 2018ல சுவர் சரிஞ்சு நல்ல பாறைக்கு வழி இல்லாம போனப்ப மில்லு பட்டினி கிடக்காம காப்பாத்துனது இந்தக் குவியல் தான். சுவர சரி பண்ணி நல்ல கிரேடு திரும்ப வந்ததும் பழைய மில்லா இருந்தா குவியல் மறுபடி ஓரமா போயிருக்கும், சுரங்கத்தோட கடைசி வருஷங்கள்ல தான் அதுக்கு சாப்பாட்டு வரிசைல இடம். மில்லு ரெட்டிப்பானா ரெண்டையும் ஒண்ணாவே அரைக்கலாம். சீட்டு கட்டுறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், கடைசித் தவணைல முழுசா கிடைக்குறத விட தள்ளுபடி குடுத்தாவது முதல்லயே எடுக்கணும்னு ஏன் அடிச்சுக்கிறோம்? அதே கணக்கு தான். இன்னொன்னும் இருக்கு, பைரைட் உள்ள பாறை வருஷக்கணக்கா வெயில் மழைல கிடந்தா பொதுவா துருப்புடிச்சு நுரைல சரியா ஒட்டாது, அதனால குவியல் சும்மா கிடந்தா சும்மா இல்ல, உள்ளுக்குள்ள ரெக்கவரி தேஞ்சுக்கிட்டே இருக்கும்.

மத்த மில்லுங்க கதையும் கொஞ்சம். நார்தர்ன் ஸ்டார் கைல கனோனா பெல்லுன்னு கால்கூர்லி பக்கத்துலயே ரோஸ்டரோட ஒரு மில்லு ஏற்கனவே இருந்துச்சு, அடம் புடிக்கிற தாதுவுக்கு அது தோதான இடம். சாரசன் பக்கத்துல இருந்து கரோசு டேமும் தண்டர்பாக்ஸும் வந்துச்சு. இணைப்புக்கப்புறம் தண்டர்பாக்ஸ் மில்ல 30 லட்சம் டன்லிருந்து 60 லட்சம் டன்னுக்கு ரெட்டிப்பாக்கினாங்க. அதே நேரத்துல குண்டானா சுரங்கங்கள 2021ல எவல்யூஷன்ங்கிற கம்பெனிக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வித்துட்டாங்க, எவல்யூஷனோட முங்காரி மில்லு அதுக்குப் பக்கத்துலயே இருக்கு. யார் மில்லு யார் குழிக்குப் பக்கம்ங்கிறது தான் இந்த வட்டாரத்துல பாதி வியாபாரம். பாறை கனம், தங்கம் துளி, லாரில ஏத்தி ரொம்ப தூரம் ஓட்டினா துளி லாபமும் டீசல்ல போயிடும்.

டெயிலிங்ஸ்ல விட்ட தங்கம் போனது போனது தானான்னா, முழுசா இல்ல. கால்கூர்லிலயே பழைய காலத்து டெயிலிங்ஸ் மேடுகள 1989லிருந்து பத்து வருஷம் தண்ணி பீச்சிக் கரைச்சு மறுபடி தங்கம் எடுத்தாங்க, கல்டெயில்ஸ்னு அந்தத் திட்டத்துக்குப் பேரு. நம்ம பக்கத்துல கேஜிஎஃப் போனவங்களுக்கு அந்த சாம்பல் நிற சயனைடு மேடு ஞாபகம் இருக்கும். தலைமுறை தலைமுறையா தமிழ் ஆளுங்க எறங்கி வேலை பாத்த சுரங்கம், 2001 பிப்ரவரி 28ல மூடினாங்க, மேடு மட்டும் நிக்குது, காத்தடிச்சா கண்ணுல விழும். 13 மேடு, 1,003 ஏக்கர், சுமார் 3.3 கோடி டன் மண்ணு. அதுல மிச்சம் இருக்குற தங்கத்த எடுக்குறதுக்கு 2024 ஜூன்ல கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொல்லுச்சு. அந்த மேடு முழுக்க அந்தக் காலத்து மில்லுங்களோட சேதாரம் தான், பட்டறை வாசல் மண்ண அள்ளிக் கழுவுற மாதிரி இப்ப நாட்டுக் கணக்குல கழுவப் போறாங்க.

திரும்ப ஃபிமிஸ்டனுக்கே வரேன். இந்த மாதிரி பெரிய மில்லு ஸ்விட்ச் போட்ட அன்னைக்கே முழு வேகத்துல ஓடாது. கன்வேயர் பெல்ட் கிழியும், பம்பு அடைக்கும், லைனர் தேயும், பழசையும் புதுசையும் இணைக்கிற வாரங்கள்ல ரெண்டும் நிக்கும். 2.7 கோடி டன்ன மட்டும் எட்டிப் புடிச்சுக் காட்டணும்ங்கிற அவசரத்துல கொரகொரன்னு அரைச்சு விட்டா டன் கணக்கு ஜோரா இருக்கும், அறிக்கைல படம் போடலாம், ஆனா அளவு பெருசானதால சேதாரமும் பெருசா ஆயிடும். 28 டன் தங்கம் எடுக்குற மில்லுல, 85 பர்சன்ட் ரெக்கவரின்னு வச்சா உள்ள போறது சுமார் 33 டன். அங்க ஒரு பர்சன்ட்டோட விலை 330 கிலோ, 41,000 சவரன். பழைய மில்லுல அந்த ஒரு பர்சன்ட் 24,000 சவரன் தானே இருந்துச்சு?

மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனி ஒரு அட்டவணை போடும், மில்லுல அரைச்ச டன், கிரேடு, ரெக்கவரி, எடுத்த அவுன்ஸ்னு நாலு வரி. புது மில்லு வேகம் புடிக்கிறப்ப முதல் வரி ஏறும், ஸ்டாக்பைல் உள்ள போகப் போக ரெண்டாவது வரி கொஞ்சம் தளரும், அது ரெண்டும் எதிர்பாத்தது தான். நாலாவது வரிய டிவிக்காரங்க பாத்துப்பாங்க. நான் பாக்கப்போறது மூணாவது வரி.